எஸ்எல்டிஐயூ ஆணையில் ‘குறியற்ற’ என்ற சொல் எதைச் சேர்ந்தது?

செய்யாறு (கேள்வி):

வணக்கம். பாலிடெக்னிக் ஒன்றில் மின்னணுவியல் பாடம் நடத்துகிறேன். பல ஆண்டுகள் 8085, 8086 என்று கற்பித்த பிறகு, இப்போது ரிஸ்க்-ஃபைவ் (RISC-V) என்ற செயலி வகையின் ஆணைத்தொகுதிக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிவருகிறேன். 64 பிட் அடிப்படைத் தொகுதியும் பெருக்கல், வகுத்தல் ஆணைகளும் மட்டும். ஓர் ஆணைக்கு ஒரு பக்கம்.

இதில் எனக்கு நானே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறேன். பக்கத்தை எழுதி முடித்ததும் அதை மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கொடுப்பேன். அவர் மூல ஆவணத்தைத் திறக்கக் கூடாது. என் வாக்கியங்களை மட்டும் படித்து, அந்த ஆணையைச் செய்துகாட்டும் சி நிரலை எழுத வேண்டும். அவருடைய நிரல் தவறினால் தவறு என் வாக்கியத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

சென்ற வாரம் அப்படி ஒரு தவறு பிடிபட்டது. ஒரு கோப்பைப் படித்து எத்தனை பைட் வந்தது என்று சொல்லும் சிறிய நிரலை மாணவர், ஆணைகளைச் செய்துகாட்டும் தம் சி நிரலில், அதாவது எமுலேட்டரில், ஓட்டினார். 1200 பைட் கோப்பு சரியாக ஓடியது. 5000 பைட் கோப்பைக் கொடுத்ததும் ‘கோப்பைப் படிக்க முடியவில்லை’ என்று வந்தது. கோப்பைப் பகுதி பகுதியாக வெட்டிப் பார்த்தோம். 4094 பைட் வரை சரி. 4095 ஆனதும் தவறு. எண்ணைப் பார்த்ததுமே 12 பிட் நினைவுக்கு வந்தது. தேடிப்போனால் குற்றவாளி எஸ்எல்டிஐயூ (SLTIU) என்ற ஒப்பீட்டு ஆணை.

படிக்கும் செயற்கூறு தோற்றால் மைனஸ் 1 திருப்பும். ‘வந்த எண் மைனஸ் 1 இல்லையே?’ என்று சோதிக்கும் இடத்தில், ரெஜிஸ்டரை மைனஸ் 1 என்ற உடன்மதிப்போடு எஸ்எல்டிஐயூ ஒப்பிடுகிறது. (ரெஜிஸ்டர் என்பது செயலிக்குள் எண்ணை வைக்கும் இடம். ஆணைக்குள்ளேயே பொதிந்துவரும் எண்ணை உடன்மதிப்பு என்று எழுதுகிறேன்.) என் பக்கத்தில் இருந்த வாக்கியம் இது: ‘ரெஜிஸ்டரில் உள்ள எண்ணையும் 12 பிட் குறியற்ற உடன்மதிப்பையும் ஒப்பிடும், ரெஜிஸ்டர் சிறியதானால் 1, இல்லையேல் 0 தரும்.’ மாணவர் இதை நம்பிப் பன்னிரண்டு 1-களை 4095 என்று படித்துவிட்டார். 5000 என்பது 4095-ஐ விடச் சிறியதல்ல. ஆகவே தோல்வி என்று முடிவாகிவிட்டது.

மூல ஆவணமோ உடன்மதிப்பை முதலில் குறி நீட்டி (இடக்கோடிக் குறி பிட்டை மேலே உள்ள இடங்களில் எல்லாம் படியெடுத்து) 64 பிட் ஆக்கிவிட்டு, பிறகு அதைக் குறியற்ற எண்ணாக, அதாவது மைனஸே இல்லாத எண்ணாக, கருதச் சொல்கிறது. அதன்படி மைனஸ் 1 என்பது அறுபத்து நான்கு 1-கள் ஆகி, இருப்பதிலேயே பெரிய எண் ஆகிறது. குறியற்றது என்று சொன்ன எண்ணுக்கு எதற்காகக் குறி நீட்ட வேண்டும்? இதை மாணவருக்கு முரணாகத் தோன்றாதபடி எப்படி எழுதுவது?

இரண்டாவது சந்தேகமும் இதன் உறவுதான். 4000000000 என்ற 32 பிட் குறியற்ற எண்ணை நினைவகத்திலிருந்து எல்டபிள்யூயூ (LWU) என்ற ஏற்றும் ஆணை கொண்டு ஏற்றினேன். இன்னொரு ரெஜிஸ்டரில் 3000000000, 1000000000 இரண்டையும் ஆட்டபிள்யூ (ADDW) என்ற 32 பிட் கூட்டல் ஆணை கொண்டு கூட்டினேன். இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது. இந்த முறை எமுலேட்டரில் தவறில்லை; உண்மையான பலகையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

வைகைக்கரை:

ஆசிரியருக்கு வணக்கம். பணி ஓய்வு பெறும் வரை மிப்ஸ் செயலி உள்ள பலகைகளுக்கு நிரல் எழுதியவன் நான். உங்கள் மாணவர் தடுக்கி விழுந்த இதே இடத்தில் நானும் விழுந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆணையின் பெயரில் கடைசியில் வரும் ‘யூ’ என்ற எழுத்துக்கு ஒரே பொருள் என்று நாம் நம்பிவிடுகிறோம். எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு பைட்டை ஏற்றும் எல்பி (LB), எல்பியூ (LBU) ஆணைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் 11111011 என்ற பைட் இருக்கிறது. எல்பி கொண்டு ஏற்றினால் அதன் இடக்கோடி பிட் மேலே உள்ள 56 இடங்களிலும் படியெடுக்கப்படும். மைனஸ் 5 கிடைக்கும். எல்பியூ கொண்டு ஏற்றினால் மேலே முழுவதும் பூஜ்யம், 251 கிடைக்கும். இங்கே ‘யூ’ சொல்வது காலியிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதைத்தான்.

எஸ்எல்டிஐயூ வேறு. நிரப்புவதைப் பற்றி அதன் ‘யூ’ எதுவுமே சொல்வதில்லை. நிரப்புதல் எல்லா உடன்மதிப்புகளுக்கும் ஒரே மாதிரி முன்னாலேயே முடிந்துவிடுகிறது. 64 பிட் ஆன பிறகு எது பெரியது, எது சிறியது என்று பார்க்கிறோமே, அந்தப் பார்வைக்கு மட்டும்தான் இந்த ‘யூ’.

மிப்ஸில் ஆட்ஐயூ என்று ஓர் ஆணை உண்டு. அங்கேயும் 16 பிட் உடன்மதிப்பு குறி நீட்டித்தான் கூட்டப்படும். அதன் ‘யூ’வுக்குப் பொருள், கூட்டல் வரம்பு மீறினாலும் செயலி பொறியில் (trap) சிக்கி நிரலை இடைநிறுத்தாது என்பது. அதே மிப்ஸில் அண்ட்ஐ (ANDI), ஆர்ஐ (ORI) என்ற தருக்க ஆணைகள் பெயரில் ‘யூ’ இல்லாமலேயே உடன்மதிப்பின் மேல் பூஜ்யம் நிரப்புகின்றன. பெயரைப் பார்த்து நடத்தையை ஊகிப்பவர் இரண்டு பக்கமும் அடிவாங்குவார். ரிஸ்க்-ஃபைவை வடிவமைத்தவர்கள் மிப்ஸின் இந்தப் பாகுபாட்டால் பயன் எதையும் காணவில்லை என்று தம் ஆவணத்திலேயே குறிப்பு எழுதி, அண்ட்ஐ, ஆர்ஐ உட்பட எல்லாவற்றுக்கும் குறி நீட்டலையே வைத்தார்கள். எக்ஸ்ஆர்ஐ (XORI) ஆணைக்கு மைனஸ் 1 கொடுத்தால் 64 பிட்டும் தலைகீழாவது அதனால்தான்.

வாக்கியத்தை எப்படி அமைப்பது என்று கேட்டீர்கள். தமிழ் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. ‘குறியற்ற’ என்பது பெயரெச்சம் போல எண்ணின் தலையில் போய் ஏறிக்கொள்கிறது. ரெஜிஸ்டரில் உள்ள பிட்டுகளுக்குக் குறி இருக்கிறதா இல்லையா என்பது அவற்றிலேயே எழுதியிருக்காது. செய்யும் செயல்தான் அதைத் தீர்மானிக்கிறது. எனவே பெயரடையை விட்டுவிட்டு வினையடையாக எழுதுங்கள். ‘குறி பாராமல்’ என்று எழுதினால் அது ஏதாவது ஒரு வினையைத் தேடிப் பிடித்தாக வேண்டும். குறி பாராமல் என்ன செய்கிறது? ஒப்பிடுகிறதா, வகுக்கிறதா, பெருக்குகிறதா? ‘உடன்மதிப்பைக் குறி நீட்டி 64 பிட் ஆக்கும், பிறகு இரண்டையும் குறி பாராமல் ஒப்பிடும்.’ இதில் முரண் எங்கே இருக்கிறது? இரண்டு வினைகள், இரண்டு அடைகள், அவ்வளவுதான்.

அடுத்து உங்கள் 4000000000. 64 பிட் ரிஸ்க்-ஃபைவில் பெயர் ‘டபிள்யூ’ என்று முடியும் கணக்கு ஆணைகள் 32 பிட் விடையை எப்போதும் குறி நீட்டியே எழுதும். ஆகவே கூட்டிக் கிடைத்த எண் 64 பிட்டில் மைனஸ் 294967296 ஆக இருக்கும். எல்டபிள்யூயூ ஏற்றியதோ பூஜ்யம் நிரப்பிய 4000000000. கீழ் 32 பிட்டும் ஒன்றுதான். மேல் 32 வேறு. சமச் சோதனை 64-ஐயும் பார்க்கும். அழைப்பு மரபும் (செயற்கூறுகள் தமக்குள் எண்களைக் கைமாற்றும் விதிகள்) 32 பிட் குறியற்ற எண்ணை ரெஜிஸ்டரில் குறி நீட்டித்தான் வைக்கச் சொல்கிறது. எனவே நீங்கள் ஏற்றியிருக்க வேண்டியது எல்டபிள்யூ கொண்டு.

குறியற்ற எண்ணை ஏன் இப்படி வைக்கிறார்கள் என்று மாணவர் கட்டாயம் கேட்பார். இந்தத் தொகுதியில் 32 பிட்டுக்கென்று தனிக் கிளை ஆணைகள் (ஒப்பிட்டுப் பார்த்து வேறிடம் தாவும் ஆணைகள்) இல்லை. இருக்கும் கிளை ஆணைகளே இரண்டு அளவுக்கும் போதும், வரிசை கெடாமல் இருந்தால். 3000000000-ஐக் குறி நீட்டி, 64 பிட்டில் குறி பாராமல் படித்தால் 18446744072414584320. 4000000000 அதே முறையில் 18446744073414584320. எது பெரியதோ அதுவே பெரியதாக இருக்கிறது. 2147483648-க்குக் கீழே உள்ளவை இருந்த இடத்திலேயே இருக்கும். அதுவும் அதற்கு மேலே உள்ளவை எல்லாமும் ஒரே தொலைவு தூக்கப்பட்டு உச்சிக்குப் போகும். நடுவில் பெரிய இடைவெளி விழும், வரிசை மாறாது. இதை நான் முதன்முதலாகத் தாளில் போட்டுப் பார்த்த இரவு இன்னும் நினைவிருக்கிறது. கரும்பலகையில் ஓர் எண்கோட்டை வரைந்து காட்டுங்கள். வகுப்பே எழுந்து பார்க்கும்.

சிலிக்கான் தச்சன்:

மேடம், சில்லு வடிவமைப்பில் வேலை செய்கிறேன். ஐயா சொன்ன விளக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஆவணத்தைக் குறை சொல்ல வேண்டாம் என்று தோன்றுகிறது. சிஎஸ்ஆர் (செயலியின் கட்டுப்பாட்டு, நிலை ரெஜிஸ்டர்) ஆணைகளில் வரும் 5 பிட் உடன்மதிப்பைத் தவிர மற்ற எல்லா உடன்மதிப்புகளும் குறி நீட்டப்படும் என்று ஒரே வாக்கியத்தில் பொதுவிதி இருக்கிறது. அதை ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொண்டால் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப எழுதினால், நாளை ஒரு பக்கத்தைத் திருத்தும்போது இன்னொன்று விட்டுப்போகும். அப்போது இரண்டு பக்கங்கள் இரண்டு கதை சொல்லும்.

அந்தப் பொதுவிதிக்கு வன்பொருளில் ஓர் அழகான காரணமும் உண்டு. 32 பிட் ஆணைகளில் உடன்மதிப்பின் குறி பிட் எப்போதும் 31-ஆம் இடத்திலேயே இருக்கும், ஆணை எந்த வகையாக இருந்தாலும். உடன்மதிப்பின் மற்ற பிட்டுகள் வகைக்கு வகை இடம் மாறினாலும் இந்த ஒன்று அசையாது. ஆணை எது என்று கண்டுபிடித்து முடிக்கும் வரை காத்திருக்காமல், குறியை நீட்டும் கம்பிகள் தம் வேலையைத் தொடங்கிவிடலாம். ஒரு விதிவிலக்கு கூடினாலும் அந்தப் பாதையில் ஒரு தேர்வி (பல உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுற்று) கூடும். பொதுவிதியை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள் என்பதே என் கோரிக்கை.

நிரலோடை:

தச்சன் அண்ணா, வடிவமைப்பவர் ஆவணத்தை முதலிலிருந்து படிப்பார். பிழை தேடுபவர் அப்படிப் படிப்பதில்லை. இரவு பதினொரு மணிக்கு நேராக அந்த ஆணையின் பக்கத்தைத் திறப்பார். அந்தப் பக்கம் அவருக்குத் தனியாக நின்று பேச வேண்டும். இன்டெல் கையேட்டில் ஆட் ஆணையின் அட்டவணையைப் பாருங்கள். 32 பிட் உடன்மதிப்பை 64 பிட்டுக்குக் குறி நீட்டிக் கூட்டும் என்று அந்தந்த வரியிலேயே எழுதியிருக்கும். படிக்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் யாரும் வழி தவற மாட்டார்கள்.

ஆசிரியருக்கு ஓர் எச்சரிக்கை. மாணவர்களில் சிலர் எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலி) அசெம்பிளி பார்த்திருப்பார்கள். அங்கே 64 பிட் நிலையில் 32 பிட் ரெஜிஸ்டரில் எழுதினால் மேல் 32 பிட்டும் பூஜ்யமாகிவிடும். ஆர்ம் (ARM) செயலியின் 64 பிட் நிலையிலும் டபிள்யூ என்ற 32 பிட் ரெஜிஸ்டர்களுக்கு அதேதான். அந்தப் பழக்கத்தோடு ரிஸ்க்-ஃபைவுக்கு வருபவர், ஆட்டபிள்யூ மேல் பாதியைத் துடைத்துவிடும் என்று எண்ணிக்கொள்வார். இதே தவறான கருத்தால் நானும் ஒரு வாரம் இழந்தேன். 32 பிட் விடையை நேரே முகவரிக் கணக்கில் சேர்த்திருந்தேன். உங்கள் கையேட்டில் இந்த ஒப்பீட்டுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

எழுதும் முறைக்கு ஆர்ம் ஆவணம் நல்ல முன்மாதிரி. ஒவ்வோர் ஆணைக்கும் போலிநிரல் தருவார்கள். அதில் குறி நீட்டு, பூஜ்யம் நீட்டு என்று இரண்டு தனிச் செயற்கூறுகள். ரிஸ்க்-ஃபைவுக்கும் சைல் (Sail) என்ற, ஆணைகளை விவரிக்கும் மொழியில் முறைசார் வரையறை இருக்கிறது. அதில் எஸ்எல்டிஐயூ எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்: உடன்மதிப்பு முதலில் குறி நீட்டப்படுகிறது, பிறகு வரும் ஒப்பீட்டுக் குறியில்தான் ‘யூ’ ஒட்டியிருக்கிறது. வைகைக்கரை ஐயா சொன்ன ‘எந்த வினையோடு சேர்கிறது’ என்பதேதான்.

செய்யாறு:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, ‘குறி பாராமல்’ என்ற உங்கள் சொல்லை எடுத்துக்கொண்டேன். எழுதி முடித்த 47 பக்கங்களில் ‘குறியற்ற’ என்று தேடினேன். வந்த ஒவ்வோர் இடத்திலும் எந்த வினை என்று கேட்டுப் பார்த்தேன். ஏழு பக்கங்களில் என்னாலேயே உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவை எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன்.

தச்சன் சொன்ன பொதுவிதியை முதல் அத்தியாயத்தில் சட்டமிட்டுச் சேர்த்துவிட்டேன். இருந்தாலும் பக்கம்தோறும் ஒரு வரி இருக்கும். முரண்படுமே என்ற அவருடைய அச்சம் நியாயமானது. அதனால் அந்த வரியை எல்லாப் பக்கங்களிலும் ஒரே சொற்களில் வைத்திருக்கிறேன். ‘நீட்டல்: 12 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு, குறியோடு.’ எதிலிருந்து, எதற்கு, எதைக் கொண்டு என்ற மூன்றும் அதில் வந்துவிடும்.

இந்த வரியை எழுதப்போனபோதுதான் எல்யூஐ (LUI) ஆணையின் பக்கத்தில் இன்னொரு ஓட்டை தெரிந்தது. ‘20 பிட் உடன்மதிப்பை ரெஜிஸ்டரின் மேற்பகுதியில் வைக்கும்’ என்று எழுதியிருந்தேன். எதன் மேற்பகுதி? 64-க்கா, 32-க்கா? 31-இலிருந்து 12 வரையுள்ள இடங்களில் வைத்து, கீழ் 12 பிட்டையும் பூஜ்யமாக்கி, கிடைக்கும் 32 பிட்டைக் குறி நீட்டி 64 ஆக்கும் என்பதே சரி. நான் எழுதியதில் அந்தக் கடைசிப் பகுதியே இல்லை.

அது இல்லாததால் என்ன ஆகும் என்று காட்ட ஓர் எடுத்துக்காட்டைத் தேடினேன். 2147483647 கிடைத்தது, 32 பிட்டில் குறியோடு அடங்கும் மிகப் பெரிய நேர் எண். அதன் கீழ் 12 பிட்டும் 1. எல்யூஐக்கு அடுத்து வந்து கீழ் 12 பிட்டைக் கூட்டும் ஆட்ஐ (ADDI) ஆணை அதைக் குறி நீட்டி மைனஸ் 1 ஆக்கிவிடும் என்பதால், எல்யூஐ ஒன்று கூடுதலாக, 524288 என்ற உடன்மதிப்போடு தொடங்க வேண்டும். 524288-ஐ 12 இடம் தள்ளினால் 2147483648. ஆனால் 31-ஆம் பிட் 1 என்பதால் 64 பிட்டில் அது மைனஸ் 2147483648 ஆகிறது. இங்கிருந்து ஆட்ஐ கொண்டு 1 குறைத்தால் மைனஸ் 2147483649. கேட்ட எண் இல்லை. அதன் 32 பிட் வடிவமான ஆட்ஐடபிள்யூ கொண்டு குறைத்தால் விடை 32 பிட்டில் சுற்றிவந்து, 31-ஆம் பிட் 0 ஆகி, 2147483647 சரியாகக் கிடைக்கிறது. அசெம்பிளர் இத்தகைய எண்களுக்கு ஆட்ஐ போடாமல் ஆட்ஐடபிள்யூ போடுவது ஏன் என்று நெடுநாளாக எனக்கு விளங்காமல் இருந்தது. என் வாக்கியத்தைத் திருத்தியபோது விளங்கிவிட்டது. மாணவர்களுக்கு இதைத்தான் முதல் பயிற்சியாகக் கொடுக்கப்போகிறேன்.

திருத்திய எஸ்எல்டிஐயூ பக்கத்தை, முன்பு பார்க்காத வேறொரு மாணவியிடம் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் நிரலை எழுதினார். 5000 பைட் கோப்பு ஓடியது. உடன்மதிப்பு 1 ஆக இருந்தால் ரெஜிஸ்டர் பூஜ்யமா என்ற சோதனையாகவும் இதுவே பயன்படுமே என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். அது என் பக்கத்தில் இல்லை.

வைகைக்கரை:

மகிழ்ச்சி, ஆசிரியரே. அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

திரும்ப எழுதிய பக்கங்களில் டிவ்யூடபிள்யூ (DIVUW) என்ற வகுத்தல் ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உங்கள் ‘நீட்டல்’ வரி ஒன்று போதாது. அந்த ஆணை இரண்டு ரெஜிஸ்டர்களின் கீழ் 32 பிட்டை மட்டும் எடுத்துக் குறி பாராமல் வகுக்கும். வந்த 32 பிட் ஈவைக் குறி நீட்டி எழுதும். உள்ளே போகும்போது ஒரு விதி, வெளியே வரும்போது இன்னொரு விதி. ‘யூ’ இருப்பதால் ஈவின் மேல் பூஜ்யம் நிரப்பிவிடுபவர்கள் பலர். 4000000000-ஐ 1-ஆல் வகுக்கச் சொல்லி மாணவர்களைச் சோதியுங்கள்; ரெஜிஸ்டரில் மைனஸ் 294967296 இருக்க வேண்டும். பூஜ்யத்தால் வகுக்கும் வரியையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஈவு முப்பத்திரண்டு 1-கள். நீட்டிய பிறகு அறுபத்து நான்கும் 1.

செய்யாறு:

இருக்கிறது ஐயா, ‘ஈவு குறியற்ற எண்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். திருத்த வேண்டிய எட்டாவது பக்கம். இன்றிரவே திருத்துகிறேன்.